இன்பம் எழுந்திருக்கவில்லை

வீடு ஆடியபோது இன்பம் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு மணிக்கு எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துவிட்டு வந்து பாயில் சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தூக்கம் இன்னும் வந்து சேரவில்லை. முதலில் கொடியில் கிடந்த சேலை அசைந்தது. காற்று இல்லை. பிறகு மூலையில் அடுக்கியிருந்த பானைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு தலைக்கு மேலே ஓடுகள். கூரை முழுக்க யாரோ ஓடுவது போலச் சடசடவென்று ஒரு சத்தம். முதுகுக்குக் கீழே தரை ஒரு பக்கமாய் நகர்ந்து திரும்பி வந்தது.

பக்கத்துப் பாயில் கிடந்த அவள் புருஷன் வேதசிரோமணி துள்ளி எழுந்தார்.

"போல்ட்டு! போல்ட்டு வுட்டுட்டு!"

அவிழ்ந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்து ஓடினார். அவர் காலடிச் சத்தம் தெருவில் கிழக்கே, ஜின்னிங் பாக்டரி இருக்கும் பக்கமாய் ஓடியது. பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கிற அந்தப் பாக்டரியில் அவர் இஞ்சின் டிரைவர். இஞ்சினைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டு ஒன்று தளர்ந்திருக்கிறது என்று பதினைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லியும் மானேஜர் கேட்கவில்லை. சாப்பிடும்போதும் போல்ட்டு, ஜெபம் பண்ணி முடித்ததும் போல்ட்டு. வீடு ஆடியதும் அவருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இன்பத்தின் இடது மணிக்கட்டில் கயிறு இழுத்தது.

அது பழைய சேலையைக் கிழித்துத் திரித்த கயிறு. ஒரு முனை அவள் கையில், மறுமுனை உள்ளறையில் மாமியார் கட்டில் சட்டத்தில். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து கிழவிக்குச் சத்தம் எழும்பாது. பேச்சும் குழறும். ஆகவே இந்த ஏற்பாடு. ஒரு இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு இழுப்பு என்றால் ஒன்றுக்கு. பதினாலு மாதமாக இன்பம் தூக்கத்திலேயே எண்ணிப் பழகியிருந்தாள்.

இரண்டு இழுப்பு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு.

கூரையிலிருந்து மண் உதிர்ந்து அவள் கன்னத்தில் விழுந்தது. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஓடு விழுந்தால் நேராகத் தன் மேல்தான் விழும் என்று தெரிந்தது. விழுந்தால் நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். அடுப்பு மூட்ட வேண்டாம். அவள் மனதில் வந்தது ஒரே ஒரு சொல்: சரி.

மறுபடியும் கயிறு இழுத்தது. இப்போது எண்ண முடியவில்லை. மூன்றோ நாலோ. பிறகு இழுப்பு நின்றது. ஆட்டமும் நின்றது.

எல்லாம் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு உட்கார்ந்திருந்து, வண்டி வராதென்று தெரிந்ததும் சேலையை மாற்றப் போகிற பெண்ணின் ஏமாற்றம். அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் இல்லை.

தெருவில் இதற்குள் ஜனம் கூடிவிட்டது. குழந்தைகள் அழுதன. நாய்கள் ஊளையிட்டன. எதிர்வீட்டு ராஜுக்கள் தெலுங்கில் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பீகாரில் பூமி பிளந்ததைப் பேப்பரில் படித்திருந்த ஒருவர், "இது முதல் ஆட்டம், இனிமேத்தான் பெரிசு வரும், ஒருத்தரும் உள்ள போகாதீய" என்று கூவினார். பக்கத்து வீட்டுக் கருத்தம்மா தெருவில் நின்றவர்களை எண்ணிப் பார்த்தாள்.

"இஞ்சின்காரர் வீட்டுல ஒருத்தரையும் காணும்! ஏ இன்பம்! இன்பம்!"

அரிக்கன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அவள்தான் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்த இன்பத்தையும், அவள் கையிலிருந்து உள்ளறைக்குப் போகிற கயிற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"எங்கம்மா! மாமியாளோட சேத்துல்ல கட்டிக்கிட்டுக் கெடக்கா! செத்தா ரெண்டு பேருமாச் சாவோம்னு கெடக்காளே!"

அந்தக் கயிறு பதினாலு மாதமாகத் தினமும் ராத்திரி கட்டுகிற கயிறு என்று இன்பம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. கருத்தம்மா அதற்குள் தெருவுக்குப் போய்ச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

வேதசிரோமணி மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இஞ்சின் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. பருத்திக் காலம், ராத்திரி வேலை உண்டு. ராத்திரி டிரைவர் சங்கிலிப்பாண்டி சாக்கை விரித்து உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, இந்த நேரத்துல? வேட்டிய ஒழுங்காக் கட்டிட்டு வரப்படாதா?"

"ஏலே, ஆடிச்சே! தெரியல?"

"இங்க என்னைக்கு ஆடல?" என்றான் சங்கிலிப்பாண்டி.

இஞ்சின் ஓடுகிற தரை எந்நேரமும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். பூமி ஆடியது அவன் காலுக்குத் தெரியவே இல்லை. வேதசிரோமணி குனிந்து நாலு போல்ட்டுகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தளர்ந்திருந்த போல்ட்டு அதே அளவுக்குத் தளர்ந்திருந்தது. விடிவதற்குள் காப்பிக் கடையில் இந்தக் கதை வந்துவிட்டது. "அண்ணாச்சிக்கு மூத்த தாரம் இஞ்சின். எளைய தாரந்தான் மதினி. ஆபத்துன்னா மூத்தவகிட்டதான ஓடணும்!"

அவர் வீட்டுக்குத் திரும்பும்போது கீழ்வானம் வெளுத்திருந்தது. தெருமுனையிலேயே கருத்தம்மா நிறுத்திச் சொல்லிவிட்டாள். வந்தவர் உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார். தாயைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். இன்பத்தைப் பார்க்கவில்லை.

"எங்கம்மாவப் போட்டுட்டு ஓடிட்டேன்" என்றார். "திரும்பிக்கூடப் பாக்கல. நீ இருந்திருக்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இப்படித் தாழ்ந்த குரலில் பேசி அவள் கேட்டதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். உள்ளறையிலிருந்து மூத்திர வாடை வந்தது. கிழவி தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பு, அதன் கீழே போட்டிருந்த கோணி, சேலை எல்லாம் நனைந்து பாதி காய்ந்திருந்தன.

"தள்ளுங்க. வெந்நி வைக்கணும்" என்று எழுந்து போனாள் இன்பம்.

அப்போது சொல்லாமல் விட்டது, பிறகு சொல்ல இடம் வரவில்லை.

முழித்துக்கொள்வது இன்பத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வந்து ஒட்டிக்கொண்ட வேலை. வ. புதுப்பட்டியில் அவள் அப்பா உபதேசியார். ஊருக்கு விடியற்கால ஜெபமணி அடிக்க வேண்டியவர். அவருக்கு இளைப்பு நோய். பனிக்காலத்தில் எழுந்திருக்க மாட்டார். ஏழு பிள்ளைகளில் மூத்தவள் இன்பம் பத்து வயதில் நாலு மணிக்கு எழுந்து போய்க் கயிற்றில் தொங்கி மணி அடிப்பாள். அடித்துவிட்டு வந்தால் கடைசிப் பிள்ளை அழும். பதினெட்டு வயதில், நாசரேத்தில் தொழில் படித்துவிட்டு ராஜபாளையத்தில் இஞ்சின் வேலைக்கு வந்த வேதசிரோமணிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்கு ஆறு மணிச் சங்குக்குச் சோறு கட்ட நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஒரே மகள் அருள்செல்வி சின்னதில் ராத்திரியெல்லாம் இருமுவாள். அவள் பெரியவளாகி பாளையங்கோட்டையில் போர்டிங்கில் சேர்ந்தாள். அதே மாதம் மாமியார் விழுந்தார்.

இரண்டு மகன்கள். மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னவன் தங்கச்சாமி வீட்டில் என்று அப்போதே பேசி, போதகர் முன்னால் ஜெபம் பண்ணி முடிவெடுத்தார்கள். தங்கச்சாமி வக்கீல் குமாஸ்தா. வாய்தா வாங்குவது அவனுக்குப் பழக்கம். முதல் வாய்தா, அவன் பெண்டாட்டி ஜெயக்கொடிக்குப் பிரசவம். இரண்டாவது, கிறிஸ்மஸ். மூன்றாவது, பிள்ளைக்கு மணல்வாரி. நாலாவது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், நெடி அம்மாவுக்கு ஆகாது. இப்படிப் பதினாலு மாதம். கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வண்டி கொண்டுவந்து அழைத்துப் போகிறேன் என்று கார்டு எழுதியிருந்தான். அந்தக் கார்டை இன்பம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும்.

மாமியார் போன பிறகு என்ன செய்வது என்று அவள் பெரிதாக ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. ஒரு ராத்திரி தூங்க வேண்டும். இருட்டியதும் படுத்து வெயில் வந்ததும் எழுந்திருக்க வேண்டும். நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது. அந்த ஒரு ராத்திரிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதுதான் பூமி ஆடியது.

அந்த ஐந்து நாளும் வீடு வேறு மாதிரி இருந்தது. புதன்கிழமை காலையில் வேதசிரோமணி குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கிணற்றுக்குப் போனார். பெண்கள் விலகி வழிவிட்டுச் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. சிந்தச் சிந்தச் சுமந்து வந்து இறக்கி வைத்தார். வியாழக்கிழமையும் போனார். சாப்பாட்டில் உப்புக் குறைந்ததை எழுந்துபோய்த் தானே போட்டுக்கொண்டார். போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். "ஏமம்மா இன்பம், எங்க வீட்டுல மூணு மருமக இருக்காங்க. ஆட்டம் வந்ததும் மூணு பேரும் அவங்கவங்க நகைப்பெட்டியத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் என் கால்ல நானே வந்தேன்" என்றாள்.

இன்பம் மோரை வாங்கிக்கொண்டாள். மோர் நன்றாக இருந்தது. தண்ணீர்க் குடம் நிறைந்திருப்பதும் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை வாக்கில் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை மாமியாருக்காகத்தான் இருந்தோமோ? அந்த நேரத்தில் மனம் நினைத்தது ஒன்று, உடம்பு செய்தது ஒன்றோ? உள்ளறைக்குப் போனால் அந்தச் சந்தேகம் போய்விடும். கிழவி அங்கே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குப் பிறகு கிழவி கயிற்றை இழுக்கவே இல்லை.

இன்பம் வழக்கம் போல ஒரு முனையைக் கட்டிலில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் கட்டிக்கொண்டு படுத்தாள். ஒரு மணி வரை பார்த்தாள். இழுக்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் கிழவி கண்ணைத் திறந்துகொண்டு நனைந்து கிடப்பாள்.

"இழுத்தா என்ன அத்தை?"

கிழவி சுவரைப் பார்ப்பாள். முன்பெல்லாம் ராத்திரிக்கு மூன்று முறை எழுப்பினாலும் நடுவில் கொஞ்சம் தூங்க முடிந்தது. இப்போது இழுப்பு எப்போது வரும் என்று காத்துக் கிடந்ததில் அதுவும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கருத்தம்மாவைக் கிழவிக்குத் துணை வைத்துவிட்டு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். தங்கச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேராகக் கோயிலுக்கே வந்திருந்தான். அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஸ்தோத்திர காணிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கொடுத்தவர் பேரையும் எதற்காகக் கொடுத்தார் என்பதையும் எல்லார் முன்னாலும் வாசிப்பது வழக்கம். தளவாய்புரத்தில் ஒருவருக்கு மாடு கிடைத்ததற்கு. ஒரு பையன் பரீட்சையில் தேறியதற்கு. பிறகு போதகர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"பூமி அதிர்ந்த ராத்திரியிலே, தன் ஜீவனைப் பெரிதாய் எண்ணாமல், வியாதிப்படுக்கையில் இருக்கும் மாமியாரின் பக்கத்தை விட்டு அகலாதிருந்த தன் மனைவிக்காக, சகோதரன் வேதசிரோமணி கர்த்தருக்குச் செலுத்தும் ஸ்தோத்திரம்."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்பம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. காப்பிக் கடைச் சிரிப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு, தன் வெட்கத்தைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை இல்லை. கொட்டாவி. அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் கறிக்குழம்பு வைத்திருந்தாள். தங்கச்சாமி திருப்தியாகச் சாப்பிட்டான். அவன் கை கழுவப் போனபோது இன்பம் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"வண்டிய எங்க தம்பி நிறுத்தியிருக்கு?"

"வண்டியா? நான் பஸ்ஸுலல்லா வந்தேன் மதினி."

"அத்தைய பஸ்ஸுலயா கூட்டிட்டுப் போகப் போறீய?"

தங்கச்சாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, வசதியாக உட்கார்ந்தான்.

"அதத்தான் அண்ணன்கிட்டயும் ஒங்ககிட்டயும் பேசணும்னு நெனச்சேன். இப்பம் கோயில்ல வாசிச்சத நானும் கேட்டேன். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ஜெயக்கொடி நல்லவதான், இல்லைங்கல. ஆனா அவ பல்லி விழுந்தாலே வீட்ட விட்டு ஓடுதவ. நாளைக்கு அங்க ஒரு ஆட்டம் வந்துட்டுன்னு வைங்க. அம்மா கதி? உசுரக் குடுத்துப் பாக்க இங்க ஒரு ஆள் இருக்கையில, அம்மாவ இங்கேருந்து பேத்து எடுக்குதது பாவம்லா? ஊரே சாட்சி சொல்லுது. செலவுக்கு வேணும்னா மாசாமாசம் நான் அனுப்புதேன்."

இன்பம் புருஷனைப் பார்த்தாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அவன் சொல்லுததும் ஞாயமாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "ஒன்ன மாதிரி யாரு பாப்பா இன்பம்?"

அந்தக் குரல் இந்த ஐந்து நாளில் வந்த குரல். அதில் அன்பு இருந்தது. அதனாலேயே அவளுக்குத் திகிலாக இருந்தது. பூமி ஆடியபோது வராத பயம் இப்போது வந்தது. இனி மூன்று மாதக் கணக்கெல்லாம் இல்லை.

"நான் அத்தைக்காக இருக்கல" என்றாள்.

தங்கச்சாமி சிரித்தான். "பாத்தீங்களா அண்ணாச்சி? இதான் மதினி. செஞ்சதையும் செய்யலம்பாங்க."

"வெளையாட்டுக்குச் சொல்லல தம்பி. எனக்கு எந்திரிக்க முடியல. அதான் கெடந்தேன்."

"பயத்துல கைகால் ஓடாமப் போறது உண்டுதான்" என்றார் வேதசிரோமணி.

"பயமில்ல. அலுப்பு." அவள் நின்றுகொண்டே சொன்னாள். "அத்தை கயித்த இழுத்தாவ. ரெண்டு ரெண்டா இழுத்தாவ. எனக்குத் தெரிஞ்சுது. எதுக்குன்னும் தெரிஞ்சுது. நான் எந்திரிக்கல. ஓடு விழுந்தா விழட்டும், காலையில எந்திரிக்க வேண்டாம்னு கெடந்தேன். ஆட்டம் நின்னதும் எனக்குச் சந்தோசமா இல்ல."

வெற்றிலை அவர் கையிலேயே இருந்தது. தங்கச்சாமி முதலில் சுதாரித்துக்கொண்டான்.

"அதெல்லாம் மனுசருக்கு வாரதுதான் மதினி. அதுக்காக நீங்க செஞ்சது இல்லன்னு ஆயிருமா? எத்தனை நல்லவுகளுக்கு இப்படி..."

"ஏலே."

உள்ளறையிலிருந்து வந்த குரல். குழறலாக இருந்தாலும் மூன்று பேருக்கும் கேட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து போய்க் கட்டிலருகே நின்றார்கள். இன்பம் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"அவ சொல்லுதது நெசம்" என்றாள் கிழவி. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "பயத்துல எனக்கு ஒண்ணுக்கு வந்துட்டு. இழுத்தேன். வரல. திரும்பவும் இழுத்தேன். வரல. விடியிற மட்டும் ஈரத்துல கெடந்தேன். ஒருத்தன் ஓடுதான். ஒருத்தி அசைய மாட்டேங்கா. நீ பஸ்ஸுல வந்து கறி திங்க."

தங்கச்சாமி, "அம்மா, வெயில் தாழட்டும், அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்தான்.

"வண்டி பிடி."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, வண்டி கிடைக்கது..."

"பிடிலே."

கருத்தம்மாவின் அண்ணனுடைய கூண்டு வண்டி கிடைத்தது. வைக்கோல் பரப்பி, அதன் மேல் மெத்தை போட்டு, இரண்டு மகன்களுமாகத் தூக்கினார்கள். கால்களை இன்பம் தாங்கிக்கொண்டாள். தெருவில் ஐந்தாறு பேர் நின்று பார்த்தார்கள். கருத்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்புட்டுப் பிரியமா இருந்துட்டு இப்பம் அனுப்புதாளே" என்று யாரிடமோ சொன்னாள்.

வண்டிக்குள் வசதியாகப் படுத்ததும் கிழவி, "அந்தக் கயித்தையும் எடுத்துப் போடு. அங்க அவளுக்குக் கட்டணும்" என்றாள்.

இன்பம் போய்க் கட்டிலிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது கிழவியின் நல்ல கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கயிறு உராய்ந்து உராய்ந்து கறுத்துப்போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தது.

"தோலு வழண்டிருக்கு. எண்ணெ தேய்." கையை எடுத்துக்கொண்டாள். "மூணு மாசந்தான். நாள எண்ணிக்கிட்டிருப்பேன், ஏட்டி."

"சரி அத்தை."

வண்டி குலுங்கும்போது தாயைப் பிடித்துக்கொள்ள வேதசிரோமணியும் வண்டியில் ஏறினார். ஏழு மைல். ராத்திரி அங்கே தங்கிவிட்டு விடியற்காலம் வருவதாகச் சொன்னார். ஏறுவதற்கு முன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஓடு விழட்டும்னா நெனச்ச?"

"ஆமா."

"நான் இருக்கேன்னுகூடவா நெனைக்கல?"

"நீங்கதான் இஞ்சினப் பாக்கப் போயிட்டீயளே" என்றாள். குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் ஏறிக்கொண்டார். வண்டி சாலைக்குத் திரும்பியது.

அவள் பாத்திரங்களைக் கழுவவில்லை. உள்ளறையைக் கூட்டவில்லை. கட்டிலில் ஈரக் கோணியை மட்டும் எடுத்து வெளியே போட்டுவிட்டு, கதவைத் தாழிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே பாயை விரித்தாள். இடது கை சும்மா கிடந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தூரத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காதைத் தரையில் வைத்தபோது அந்த அதிர்வு லேசாய் வந்தது. இத்தனை வருஷமாக அது வந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. இருட்டில் கிடந்து உள்ளறையைக் கேட்டாள். யாரும் இல்லை. புரண்டு படுத்தாள்.

மறுபடி கண் விழித்தபோது கூரை இடுக்கு வழியாக வெயில் விழுந்திருந்தது. ஆட்டத்தில் ஓடுகள் விலகியிருந்ததால் வழக்கத்தைவிட ஒரு கோடு கூடுதலாக விழுந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று பிடிபடவில்லை. எழுந்து கதவைத் திறந்தாள்.

வாசல்படியில் வேதசிரோமணி உட்கார்ந்திருந்தார். காலில் சாலைப் புழுதி முழங்கால் வரை இருந்தது.

"எப்பம் வந்தீய?"

"செத்த நேரம் ஆச்சு."

"கதவத் தட்டலையா?"

"தட்டினேன்" என்றார். "நீ எந்திரிக்கல."

அவள் நிலையில் சாய்ந்துகொண்டாள். தெருவில் வெயில் பாதி தூரம் ஏறியிருந்தது.

"சங்கு ஊதிட்டா?"

"ஆறுக்கே ஊதிட்டு."

அப்படியானால் நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சங்குக்குப் பிந்தி அவர் போனதில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டினார்.

"அம்மா அங்க ராத்திரி நாலு தடவ இழுத்துட்டா" என்றார். "நான் பொறப்படுகையில ஜெயக்கொடி மொகங்கொடுத்துப் பேசல."

"ம்."

"குடிக்கத் தண்ணி குடு."

உள்ளே போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் கிடந்தது. ஒரு செம்புக்குக் காணாது. இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, நடையில் இருந்த குடத்தைப் பார்த்தார். கிழக்கே பாக்டரிப் புகைப்போக்கியைப் பார்த்தார்.

"நேரமாயிட்டு" என்றார். "அந்தப் போல்ட்ட வேற பாக்கணும்."

அவர் வேகமாகத்தான் போனார். ஓடவில்லை. தெரு திரும்பும் வரை இன்பம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள். பெண்கள் எல்லாம் எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. அவசரமில்லாமல் கயிற்றை இறக்கினாள்.